அக்கா மாற்ற ஒப்பாத பொறி

ஓராண்டுக்கு முன் இறைவன் திருவடி சேர்ந்த என் தமக்கையாரைப் பற்றி எழுதப் புகுவோர், ஒரு மகிழுந்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அவ்விரண்டையும் பிரித்தெழுத எனக்குத் தெரியவில்லை. உறவினரும் நண்பரும் பொறுத்தருள்க.

அக்கா முதலியார்பேட்டையில் பிறந்தவர். எங்கள் தந்தையார் பிரெஞ்சு வணிகர் ஒருவரிடம் வண்டியோட்டியாக இருந்தார். அவ்வணிகர் தாயகத்திற்குக் கப்பலேறியபோது, தம் கறுப்பு நிற அமெரிக்கச் சொகுசு மகிழுந்தைத் தந்தையாரிடமே விட்டுச் சென்றார். அதனை ஓட்டவும் பிரித்துப் பூட்டவும் அக்கா தந்தையாரிடம் கற்றார். இளமையிலேயே கணவரை இழந்தபின், கைக்குழந்தையாயிருந்த மகளுக்கும் கல்லூரியில் பயின்ற எனக்கும் அவ்வண்டியே சோறிட்டது. நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பத்தார் மணமகளை அதில் ஏற்றிக் கோயிலுக்கு அழைத்துச் செல்வதைப் பெருமையாகக் கருதினர். அது கிடைக்கும் நாளுக்குத் திருமணத்தையே தள்ளிவைத்தோரும் உண்டு.

அதன் கட்டமைப்பு வியப்புக்குரியது. கதவைச் சாத்தினால் தகரம் அதிராது; தேக்குப் பேழை மூடுவதுபோல் தணிந்த ஓசை ஒன்றே எழும். இரும்பைத் தின்னும் நம் கடற்காற்று அந்தத் தடித்த எஃகுத் தகட்டிடம் தோற்றது. எட்டு உருளைகள் கொண்ட அதன் பொறியை, “அது பெரிய மனுஷன் மாதிரி. பதறாது, அதனாலதான் தேயாது” என்பார் அக்கா. குறைகளையும் மறைக்க மாட்டார். எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும். கடும் வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும்.

அந்த இரண்டாம் குறையே தாய்க்கும் மகளுக்கும் இடையே வழக்காயிற்று. அக்கா நோயுற்றபின் வண்டியை ஓட்டியவர், லாஸ்பேட்டையில் அலுவலகப் பணிபுரியும் அவருடைய மகள். பழைய பொறியை எடுத்துவிட்டு டீசல் பொறியைப் பொருத்திவிடலாம் என்றார் அவர்.

“காலாப்பட்டுக் கல்யாணப் பொண்ண கோயிலுக்கு இட்டாரும்போது நானும் வரேன். வழியில நின்னு, திரும்பக் கிளம்பலன்னா மாத்திக்கோடி. கிளம்பிடுச்சின்னா, நான் போனப்புறமும் நீ அதத் தொடக்கூடாது” என்றார் அக்கா.

சித்திரை வெயிலில் காலாப்பட்டிலிருந்து புறப்பட்டோம். பின்னிருக்கையில் மணமகளும் அக்காவும். முன்னே மகளும் நானும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி நின்றது. பின்னால் வந்த வேனிலிருந்து மணமகளின் தாய்மாமன் இறங்கினார்.

“இன்னாம்மா அமெரிக்கா காரு? ஷேர் ஆட்டோல வந்திருந்தா இந்நேரம் தாலி கட்டி, பிரியாணியே துன்னிருப்போம்!”

வேனே சிரித்தது. மகள் முகம் சிவக்க மீண்டும் மீண்டும் சாவியைத் திருகினார்.

“செல்ஃப் அடிச்சி அடிச்சி பேட்டரியையும் சாவடிக்காத. வண்டி கெடலடி, கொதிச்சிப் போயிருக்கு.”

“பூசைக்கு நேரமாவுதும்மா!”

“சாமியார் எங்கயும் ஓடிட மாட்டாரு” என்ற அக்கா, தாய்மாமன் பக்கம் திரும்பினார். “அந்த ஜரிகத் துண்ட இப்படிக் குடுங்க.”

“ஐயோ, புதுத் துண்டுக்கா!”

“பொண்ணும் புதுசுதான். குடுங்க.”

மணமகளே வாய்விட்டுச் சிரித்தாள். அக்கா சொல்லச் சொல்ல, மகள் அத்துண்டைப் பொறிக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பின்மேல் சுற்றி, அது குளிரத் தண்ணீர்ப் புட்டிகளைக் கவிழ்த்தார். பிறகு காத்திருந்தோம். அக்காவின் கண்கள் மூடியிருந்தன. கையிலிருந்த செபமாலை மட்டும் நகர்ந்தது. “இப்ப அடி” என்றார். ஒரே திருகலில் எட்டு உருளைகளும் பிசிறின்றி ஒலித்தன.

கோயில் வாயிலில் மணமகள் இறங்க மகள் கதவைத் திறந்துவிட்டார். பின்பு, “சரிம்மா, தொடல” என்றார்.

சில வாரங்களில் அக்கா கண்மூடினார். இறுதி ஊர்வலத்திற்கு அவ்வண்டியையே அணிசெய்யலாம் எனப் பலர் கூறினர். “அது கல்யாணப் பொண்ணுங்க ஏறுற வண்டி, என்ன அதுல ஏத்தாதீங்க” என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அவர் சொற்படியே வேறு வண்டியில் கொண்டுசென்றோம்.

நோய்ப்படுக்கையில் துணைநின்ற செவிலியர், நாள்தோறும் கஞ்சி அனுப்பிய தெருவார், இறுதிச் செபம் சொன்ன பங்குத்தந்தை, துண்டைத் திரும்பக் கேளாத அத்தாய்மாமன் ஆகிய அனைவர்க்கும் எம் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. அத்துண்டு இன்றும் முன்னிருக்கையின் அடியில், ஒரு புட்டி நீருடன் இருக்கிறது.

அக்காவின் ஆண்டு நினைவுப் பூசை முடிந்து நீங்கள் பந்தியில் அமரும்போது, உபசரிக்க அக்காவின் மகள் இல்லையே என வருந்தற்க. அரியாங்குப்பத்தில் ஒரு மணமகள் காத்திருக்கிறாள். பழைய பொறியுடனேயே வண்டி போயிருக்கிறது.