ஷார்ஜாவிலிருந்து தக்கலைக்கு

ஷார்ஜாவுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விமானம் நாலு மணி நேரத்தில் கடந்துவிடும். திருவனந்தபுரத்திலிருந்து தக்கலைக்கு அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குப் பிடிக்கும் இரண்டு மணி நேரம். முருகதாஸைக் கேட்டால், இந்த இரண்டு மணி நேரம்தான் உண்மையான தூரம் என்பார்.

தக்கலையில் டாக்சி ஓட்டும் முருகதாஸுக்கென்றே ஊரார் ஒரு வேலையை ஒதுக்கிவைத்திருந்தார்கள். வீட்டில் சாவு விழுந்தால் வளைகுடாவில் இருக்கும் மகனிடம் அதை யாரும் சொல்வதில்லை. "அப்பாவுக்கு சீரியஸ், உடனே வா" என்பதோடு சரி. தனியாக விமானத்தில் வருகிறவனுக்கு நெஞ்சு வெடித்துவிடக் கூடாதாம். அவனைக் கூட்டிவந்து, விஷயம் தெரியாமல் வீட்டு முற்றத்தில் இறக்கிவிட வேண்டியது முருகதாஸின் பொறுப்பு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிய முக்குகளைத் தவிர்த்து ஊடுவழியில் புகுந்துவிடுவார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் என்பார்களே, அதில் அவரை அடிக்க ஆளில்லை.

ஆனால் சொன்ன பொய் சும்மா இருக்குமா? வண்டி காலியாகத் திரும்பும்போதும் பின்சீட்டிலிருந்து யாரோ கேட்பார்கள்: "அண்ணே, அப்பா பேசுகாவளா?" ஒரு நாள் அவர் கூட்டிவந்த ஒருவனின் குரல், மறுநாள் இன்னொருவனுடையது. பின்னால் பார்க்கும் கண்ணாடியை மேலே திருப்பிவைத்தார். எலுமிச்சம்பழம் கட்டினார், திருநீறு போட்டார், குரல் போகவில்லை. "வேற வேல பாருங்களேன்" என்று மனைவி ஞானம் கெஞ்சினாள். மனிதர் பயந்துதான் போயிருந்தார்.

போன மாதம் ஷிபினைக் கூட்டிவரப் போனார். ஷிபினின் அப்பா செல்வதாஸ் சார் முந்தின நாளே இறந்துவிட்டார். அம்மா ராகேல் சவப்பெட்டியை மூடவிடாமல் மகனுக்காகக் காத்திருந்தாள். ஷிபின் ஓர் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினான். வழக்கமான கேள்வி வரவில்லை. வேறு பேச்சு, ஓயாத பேச்சு.

"அப்பாக்குச் செருப்பு வாங்கினேன் அண்ணே. காலு வெடிப்புக்கு மெத்துன்னு இருக்கும்."

"சரி மக்கா."

"டிஸ்சார்ஜ் ஆனதும் ஒருதடவ திற்பரப்பு அருவிக்குக் கூட்டிட்டுப் போணும். நீங்கதான் வண்டி, கேட்டியளா?"

களியக்காவிளை தாண்டியதும் முருகதாஸால் அதற்குமேல் முடியவில்லை. இவனும் நாளை முதல் பின்சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வானே என்ற நினைப்பே அவரை உலுக்கியது. ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினார். இத்தனை வருடத்தில் அவர் இப்படிச் செய்ததே இல்லை.

"மக்கா... அப்பா நேத்தே போயிட்டாவ. என்ன மன்னிச்சிரு."

ஷிபின் அழவில்லை. மடியிலிருந்த பெட்டியை எடுத்துக் காலடியில் வைத்தான்.

"தெரியும் அண்ணே. நம்ம ஊர்ல சீரியஸ்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? பிளைட்ல நாலு மணி நேரமும் எங்கிட்ட யாரும் சொல்லல்ல. சொல்லாத வரைக்கும் அப்பா இருந்தாவ."

பிறகு, கோபமே இல்லாமல் கேட்டான்.

"வீட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கே அண்ணே. அதையும் எனக்குத் தந்திருக்கலாம்லா?"