அவள் தொடாத பெட்டி

என் மகள் கை வைக்காத பொருள் எங்கள் வீட்டில் இல்லை. மிக்ஸியின் திருகு, கேஸ் அடுப்பின் குமிழ், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு, அவள் அப்பாவின் மூக்குக்கண்ணாடி என்று எல்லாவற்றையும் இரண்டு வயதுக்குள் இழுத்துப் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று சொன்னால் சிரிப்பாள். மறுபடி சொன்னால், என்னைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்வாள். அப்படிப்பட்டவள் கூடத்தில் இருந்த ஆம்ப்ளிஃபையரை மட்டும் தொடுவதில்லை என்று ஒருநாள் கவனித்தேன். அது அவள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. வெள்ளி நிற முகம், நடுவில் பளபளக்கும் பெரிய குமிழ். எந்தக் குழந்தையும் விடாது. இவள் அதன் பக்கம் போனால் சற்றுத் தள்ளியே நின்று, சுற்றிக்கொண்டு போனாள்.

மற்ற தாய்மார்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

என் கணவர் திண்டிவனத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். கடையை விட்டால் அவருக்குப் பாட்டுதான். பொம்மையார்பாளையத்தில் கடலோரமாக ஒரு விருந்தினர் விடுதி நடத்தியவர் அதை மூடிவிட்டு ஊர் போகும்போது, தன் ஆம்ப்ளிஃபையரையும் என் இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டையும் இவருக்கு விற்றார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவற்றுக்குத்தான் ராஜ உபசாரம். எதிரொலிக்கக் கூடாதென்று சோபாவிலிருந்து பெட்டி வரைக்கும் தடிமனான கம்பளம் விரித்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல்கள். மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் இறங்கி ஃபேன் சோம்பலாகச் சுற்றும். அதற்காக ஒரு பெரிய ஸ்டெபிலைசர் வந்தது. மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்தார்கள். அதற்கென்றே கொல்லையில் தனியாக ஒரு எர்த் குழி தோண்டி, உப்பும் அடுப்புக்கரியும் போட்டுக் குழாய் இறக்கினார்கள்.

"எர்த்து காயக்கூடாது. தெனமும் ஒரு பக்கெட் தண்ணி ஊத்திடு" என்றார்.

துணி துவைத்து முடித்ததும் ஊற்றினேன். ஏன் என்று கேட்கவில்லை. ஒன்றைச் செய்யச் சொன்னால் செய்துவிடுவேன். செய்த பிறகுதான் சரியாகச் செய்தோமா என்று கவலைப்படுவேன்.

இவ்வளவுக்குப் பிறகும், பாட்டு நின்றால் ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. அவர் அதை ஹம் என்பார். பக்கத்து அறையில் யாரோ வாயைத் திறக்காமல் முனகுவது போலிருக்கும். டிவி பெட்டியின் ஒயரைப் பிடுங்கினால் குறைந்தது. ஆனால் பாட்டே அதன் வழியாகத்தான் வர வேண்டும். அவர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். ஃப்ரிட்ஜை, பக்கத்து வீட்டு மோட்டாரை, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை. மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து குரல் வரும்.

"அந்த கிரைண்டர கொஞ்சம் நிறுத்து."

நிறுத்துவேன். இரைச்சல் இருக்கும்.

"சரி, போடு. அது இல்ல."

அந்தச் சமயத்தில் விழுப்புரத்தில் என் அண்ணியின் தங்கைக்கு வளைகாப்பு வந்தது. குழந்தைக்குச் சளி. வெயிலில் அலைக்க வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை அவரிடம் விட்டுவிட்டுப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துப் போனார்.

"கேளு. எதுனா கேக்குதா?"

ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சல் சுத்தமாகப் போயிருந்தது.

"எப்படிப் போச்சி?"

"அதெல்லாம் ஒரு டெக்னிக்."

"என்னா டெக்னிக்?"

"சொன்னா உனக்குப் புரியாது. பாட்ட கேளு."

நான் பி.எஸ்சி. படித்தவள். சொன்னால் புரியும். ஆனால் அவர் பார்வையை விலக்கிக்கொண்டது எனக்கு என்னவோ போலிருந்தது. குழந்தை சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஓடி வரவில்லை. சளியினால் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவள் பெட்டியைத் தொடாததை நான் பார்க்க ஆரம்பித்தேன். அடுத்த ஞாயிறு, பாட்டுக் கேட்க இரண்டு நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் அங்கலாய்த்தார்.

"எங்கூட்ல ஸ்பீக்கர் கோனை விரல்ல அமுக்கி பள்ளம் பண்ணிட்டான் சார் எம்பையன். பேஜாரு. உங்க பொண்ணு பக்கத்துலயே போக மாட்டேங்குதே."

"ஒரே ஒரு வாட்டிதான் சொன்னேன்" என்றார் என் கணவர். "அதோட தொடறதில்ல."

காபி டம்ளர்களை வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினேன். ஒருமுறை சொன்னால் கேட்கிற குழந்தையா இவள்? நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை கத்துகிறேன். இவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார்? நான் இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் குழந்தை குறுக்கே வந்ததும் கையை ஓங்கிவிட்டாரோ?

அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கடையில் வேலை செய்பவரைக்கூட அதட்டியதில்லை. ஆனால் அந்தப் பெட்டி விஷயத்தில் அவர் வேறு ஆளாக இருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது விரல் விரலாகப் பார்த்தேன். ஒரு தழும்பும் இல்லை. துவட்டிக்கொண்டே கேட்டேன்.

"அப்பா அடிச்சாராம்மா?"

"ம்."

துண்டைக் கீழே வைத்தேன். பிறகு வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன்.

"மாமா அடிச்சாரா?"

"ம்."

"நிலா அடிச்சுதா?"

"ம்."

அவளிடம் கேட்டுப் பயனில்லை. அவரிடம் கேட்கத் தைரியமில்லை. இல்லை என்று சொன்னால் நம்புவேனா என்பதே எனக்குத் தெரியவில்லை.

சளி விட்ட பிறகு அவளை விழுப்புரத்துக்கு, அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. அங்கே எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். போன அன்றே அண்ணியின் மல்லாட்டை டப்பாவைக் கவிழ்த்து வேர்க்கடலையை வீடெங்கும் இறைத்தாள். பீரோ சாவியை வாயில் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தாள். மறுநாள் காலையில் அண்ணன் அறைக்குள் நடந்து போனவள் சட்டென்று நின்றாள். மேசையில் அண்ணனின் பழைய டிவிடி பிளேயர் இருந்தது. அதுவும் வெள்ளி நிறம். இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

அண்ணி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குழந்தைகளை நிறையப் பார்த்தவர்.

"என்னா இது, கைய பின்னால வச்சிக்கினு நிக்கிறா?"

"தெரியல அண்ணி."

"அடி வாங்கின புள்ளதான் இப்படி நிக்கும். நீ அடிச்சியா?"

"இல்ல அண்ணி."

"அப்ப யாரு?"

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். அண்ணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போயி பொறுமையா கேளு. மனசுல வச்சிக்கினு புழுங்காத" என்றார். திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில் வழி நெடுக, கேட்க வேண்டிய வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் "சாப்டீங்களா" என்றுதான் கேட்டேன்.

அதற்கப்புறம் அவரையும் அவளையும் ஒரே அறையில் தனியாக விடுவதைத் தவிர்த்தேன். அவர் அவளைத் தூக்கினால் ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கிக்கொள்வேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அல்லது, புரியாத மாதிரி இருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு காலை அவள் கம்பளத்தில் பாலைக் கொட்டினாள். அவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் கம்பளத்தைச் சுருட்டி ஓரம் தள்ளிவிட்டுத் தரையைத் துடைத்தேன். ஈரத் தரையில் வெறுங்காலோடு எழுந்திருக்கும்போது கால் வழுக்கப் பார்த்தது. பிடிமானத்துக்குக் கையை ஆம்ப்ளிஃபையர் மேல் ஊன்றினேன்.

சுருக்கென்றது. முழங்கை வரைக்கும் ஏறியது. கையை உதறிக்கொண்டு அப்படியே நின்றேன். மகள் அறை வாசலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைகள் பின்னால் இருந்தன.

சமையலறை டிராயரில் டெஸ்டர் இருந்தது. கொண்டுவந்து பெட்டியின் முகத்தில் வைத்தேன். சின்ன விளக்கு எரிந்தது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதே டெஸ்டரால் அதன் திருகைக் கழற்றினேன். மேலே இருக்கும் தடித்த பின்னுக்கு வர வேண்டிய பச்சை ஒயர் அங்கே இல்லை. வெட்டி, முனையில் கறுப்பு டேப் சுற்றி, உள்ளேயே மடித்து வைத்திருந்தது.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர் வந்தார். பிளக்கை நீட்டினேன்.

"இது என்னங்க?"

அவர் பிளக்கைப் பார்த்தார். "ஹம்முக்காக. எர்த்த எடுத்துட்டா ஹம் போயிடும். எல்லாரும் பண்றதுதான்."

"எல்லாரும்னா யாரு?"

"எங்க வாட்ஸ்அப் குரூப்ல."

"அவங்க வீட்லயெல்லாம் கொழந்த இல்லியா?"

"ஷாக்கெல்லாம் அடிக்காதும்மா. நான் எத்தினி வாட்டி தொட்டிருக்கேன்."

"செருப்போட. கம்பளத்து மேல நின்னுகினு."

பிளக்கை மறுபடி மூடி மாட்டி, சுவிட்சைப் போட்டேன். "செருப்ப கழட்டிட்டு இங்க வந்து தொடுங்க."

ஈரத்தில் நின்று விரல் நுனியை வைத்தார். வைத்த வேகத்திலேயே எடுத்தார். சுவிட்சை அவரே அணைத்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். அவள் வழக்கமாகச் சுற்றிப் போகும் இடத்தில் கம்பளம் கிடையாது. வெறும் டைல்ஸ்.

"எத்தினி வாட்டி தொட்டிருப்பா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கு நீங்கதான வீட்ல இருந்தீங்க."

"ஒரு வாட்டி அழுதா. கைல எறும்பு கடிச்சிருக்கும்னு நெனச்சேன். தொடாதன்னு சொன்னேன். அதுக்கப்புறம் தொடலியா, நான் சொன்னத கேட்டுக்கினான்னு..."

நான் அதுவரை அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நீங்க அடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

"யார?"

"அவளத்தான்."

அவர் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தார். "இத்தினி நாளா அப்படியா நெனச்சிக்கினு இருந்த?"

"ஆமா."

"கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டேனே. ஹம் எப்படிப் போச்சின்னு கேட்டேன். டெக்னிக்குன்னீங்க. வெட்டின ஒயருக்கு நான் தெனமும் தண்ணி ஊத்திக்கினு இருந்திருக்கேன்."

அன்று அவர் கடை திறக்கவில்லை. பச்சை ஒயரை மறுபடி இணைத்தார். அண்ணியிடம் போனில் சொல்லிவிட்டு மூவரும் முண்டியம்பாக்கம் போனோம். டாக்டர் குழந்தையின் கைகளையும் நெஞ்சையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நான் இரண்டாம் முறை கேட்டேன். இரண்டாம் முறையும் அதையே சொன்னார்.

எர்த் வந்ததும் இரைச்சலும் வந்துவிட்டது. அந்த ஞாயிறு நண்பர்கள் வந்தபோது, பாட்டுக்கு நடுவே எல்லோருக்கும் கேட்டது. நான் சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன்.

"மறுபடியும் ஹம் வந்துடுச்சே சார். எர்த்த கட் பண்ணிடுங்க. ஒரே ஒரு ஒயருதான."

பாட்டு நின்றது.

"பண்ணியிருந்தேன் சார்" என்றார் அவர். "எம்பொண்ணுக்கு ஷாக் அடிச்சுது. நான் சொன்னத கேக்கறான்னு உங்ககிட்ட பெருமையா வேற பேசிக்கினு இருந்தேன். ஊட்டு எர்த்தும் இந்த எர்த்தும் ரெண்டா இருக்கறதுதான் வினையாம். ரெண்டயும் ஒண்ணா சேத்து கட்ட ஆள் வரும். அதுவரைக்கும் சத்தம் இருந்துட்டு போகட்டும்."

அது என் காதில் விழுந்தது. அவர் அதை எனக்காகச் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. நான் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

இருந்தாலும் மறுநாள், அவர் கடைக்குப் போனதும் டெஸ்டரை எடுத்தேன். பெட்டியில் வைத்துப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. அது போதவில்லை. பிளக்கைப் பிடுங்கித் திருகைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. போனை மறந்துவிட்டுப் போனவர் திரும்பி வந்திருந்தார். பிளக்கும் டெஸ்டருமாக நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒளிக்க நேரமில்லை.

"சும்மா பாக்கலாம்னு" என்றேன்.

அவர் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் விட்டார். எங்கிருந்தோ ஓடி வந்த மகளைத் தூக்கிக்கொண்டார். நான் வாங்கிக்கொள்ளப் போகவில்லை. பச்சை ஒயர் அதன் இடத்தில் இருந்தது. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

"நல்லா இழுத்துப் பாரு" என்றார். நான் திருகை முடுக்கி முடிக்கும் வரை, கடைக்கு நேரமாகியும், அவளைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்.