ஒன்பது பங்காளிகளும் ஒரு தொட்டிலும்

கூட்டம் நடக்கிற வீட்டில் டீ கொடுக்கிறவளுக்குக் காது இருக்கலாம், வாய் இருக்கக் கூடாது. எனக்கு வாய் முதலிலிருந்தே கொஞ்சம் குறைச்சல். அதனாலேயோ என்னவோ, காரைக்குடிப் பக்கம் கூட்டங்களுக்கு வாடகைக்கு விடுகிற ஒரு பெரிய வீட்டில் வேலை கிடைத்தது. கைக்குழந்தையோடு வேலைக்குப் போகிறவர்கள் இதைப் படித்தால் என் பாடு அவர்களுக்கே புரியும்.

உப்பிய காரை

மற்ற அறைகளெல்லாம் வீட்டில் பங்குள்ள ஒன்பது பங்காளிகளின் பூட்டில் இருந்ததால், பாப்பாவுக்குச் சாமான் அறையில்தான் தொட்டில். மழை பெய்ததும் தொட்டிலுக்கு நேர் மேலே கூரைக் காரை பூரி மாதிரி உப்பிவிட்டது. எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, வீட்டைக் கவனிக்கிற அந்தோணி அண்ணனிடம் போய் நின்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"ஒம்பது பங்காளியும் சரின்னாத்தான் ஒரு ஓட்டைத் தொடலாம்மா. எட்டுப் பேரு சொல்லிட்டாக. மலேசியாவுல இருக்கவரு மட்டும், 'இன்னும் விழலையில்ல?'ங்கிறாரு."

ஆறிப்போன டீ

அந்த வாரம்தான் பல நாட்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெரிய போர், புதுக் கொள்ளைநோய் என்று மனுஷ குலத்தையே அழிக்கிற ஆபத்துகளை எல்லா நாடும் சேர்ந்து எப்படித் தடுப்பது என்று பேச வந்தவர்களாம். மொழிபெயர்க்க வந்த சென்னை மேடம் சொன்னார். அவர்களுக்கும் எங்கள் வீட்டுச் சட்டம்தான்: ஒருத்தர் மறுத்தாலும் ஒன்றும் நடக்காது. பதினொரு மணி டீயை நான் மூன்று தடவை சூடு பண்ணினேன். தயங்கித் தயங்கி மேடத்தைப் பார்த்தேன்.

"டீ குடிக்கலாம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. முதல் கப்பை எந்த நாடு எடுக்கறதுன்னுதான் பேசிட்டிருக்காங்க."

துணைக்குழு

மறுநாள் தொட்டிலை ஒட்டி உள்ளங்கையளவு காரை விழுந்தது. சத்தம் கேட்டுக் கூட்டத் தலைவரான தாடிக்காரர் ஓடி வந்தார். தொட்டிலைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. உடனே ஐந்து பேர் கொண்ட துணைக்குழு! ஒருவர் படம் எடுத்தார். ஒருவர் அளந்தார். ஒருவர், பாப்பாவின் கருத்தைக் கேட்கவில்லையே என்று வருத்தப்பட்டார். அப்புறம் அறிக்கை எழுத ஹாலுக்குப் போய்விட்டார்கள். அந்தோணி அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"ஒம்பது பங்காளி பத்தாதுன்னு இப்பப் பதினாலு ஆயிட்டாகம்மா."

ஊஞ்சல் கொக்கி

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, தொட்டிலை அவிழ்த்து எடுத்து, கூட்டம் நடக்கிற ஹாலுக்கே போனேன். மேசைக்குப் பக்கத்தில் தேக்கு உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கி இருந்தது. நாற்காலியில் ஏறி அதில் கட்டினேன். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். பாப்பா தூங்கிப்போனாள். ஹாலில் யாருமே குரலை உயர்த்தவில்லை.

அரை மணி நேரத்தில் சாமான் அறைக் கூரை மொத்தமாக இறங்கியது. தொட்டில் இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு இடிபாடு. பார்த்துவிட்டு ஹாலுக்குத் திரும்பி வந்து, தொட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மேடம் பக்கத்தில் வந்து குனிந்து கிசுகிசுத்தார்.

"பிள்ளை முழிச்சிடும்னு யாருமே மறுத்துப் பேசலை. எல்லாத் தீர்மானமும் நிறைவேறிடுச்சு."

ஒன்பதாவது சம்மதம்

சாயங்காலம் மலேசியாவிலிருந்து போன். அந்தோணி அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அதான் விழுந்துருச்சுல்ல, இனி நான் குறுக்க நிக்க மாட்டேன், தாராளமா ரிப்பேர் பண்ணிக்கங்க!"

உலகத்தை அவர்கள் எப்படிக் காப்பாற்றப் போகிறார்களோ எனக்குத் தெரியாது, என் பாப்பாவின் தொட்டிலை மாற்றிக் கட்ட மட்டும் நான் எந்த நாட்டிடமும் கையெழுத்து வாங்கவில்லை.