பகவதியப்பனை அடித்தது யார்?

கோட்டாற்றில் பகவதியப்பன் என்று ஒருவர் இருந்தார். பகலில் ஜவுளிக்கடையில் துணியை அளந்து கிழித்துக் கொடுப்பார். காலையிலும் மாலையிலும் பலசாலியாக இருப்பார். இந்த இரண்டாவது தொழிலில் காலணா வரும்படி கிடையாது. ஆனாலும் மனிதர் அதற்காகத்தான் உயிரோடிருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சார்ப்பு ஒன்றை இறக்கி, 'தேகப்பயிற்சி சாலை' என்று பலகை எழுதி மாட்டி, பதினெட்டு இளைஞர்களுக்குத் தண்டாலும் கர்லாக்கட்டையும் பழக்கினார். வலி என்பது சோம்பேறி சொல்லும் சாக்கு என்று தினம் இரண்டு வேளை போதிப்பார். அவருக்கு நிலமில்லை, புலமில்லை. பலசாலி என்ற பெயர் ஒன்றுதான் சொத்து.

1928-இல் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் விலைப்பட்டியல் அவர் கையில் கிடைத்தது. அதில் இரும்பு டம்பெல் ஒன்றின் படம் இருந்தது. விலையைப் பார்த்தவர் படத்தை மட்டும் கிழித்துக்கொண்டு மயிலாடிக்குப் போய், கல்தச்சர் தாணுலிங்கத்திடம் நீட்டினார். தாணுலிங்கம் அதுவரை சாமி சிலையும் அம்மியும் ஆட்டுரலும் செதுக்கியவர். படத்தைத் தலைகீழாகவும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"பிடி இம்புட்டு மெலிசா வச்சா கல்லு ஒடிஞ்சிரும் அண்ணாச்சி. தடியாத்தான் வைக்கணும்."

"வையும். தடியா இருந்தா கைக்கு இன்னும் பலந்தானே?"

அப்படியே உலக்கைத் தடிமனுக்குப் பிடி வைத்து, முப்பது ராத்தல் எடையில் அது உருவானது. இரண்டு முனையையும் மொட்டையாக விட மனம் கேளாமல் முனைக்கொரு தாமரை வேறு செதுக்கியிருந்தார் தாணுலிங்கம். விரல்நுனி கட்டைவிரலை எட்டாத அந்தப் பிடியைப் பிடித்து நாலு வருஷம் தூக்கினார் பகவதியப்பன். ஊர் அதற்குத் தாமரைக் கல் என்று பெயர் வைத்தது.

1932 புரட்டாசியில் வலது முழங்கைக்கு வெளிப்புறம் ஒரு வலி வந்தது. தம் வேதப்படியே அவர் அதற்கு வைத்தியம் செய்தார். பத்துத் தடவை தூக்குகிற இடத்தில் இருபது தடவை தூக்கினார். ஐப்பசியில் செம்புத் தண்ணீரைத் தூக்க முடியவில்லை. கார்த்திகையில் கடையில் ஒரு முழம் மல் துணியைக் கிழிக்கப் போய்க் கண்ணில் நீர் வந்துவிட்டது. வாசகசாலைக்காரர்களோ தை மாத ஆண்டு விழாவுக்கு நோட்டீஸ் அடித்து ஒட்டியிருந்தார்கள். பகவதியப்பன் தாமரைக் கல்லை ஒற்றைக் கையால் இருபத்தொரு தடவை தூக்கிக் காட்டுவார் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அந்த நாட்களில்தான் கடைத்தெருவில் தோவாளைப் பூக்காரர் நாராயணபெருமாள் அவரை மறித்தார். இவரைப் பிடித்துத் தள்ள ஆள் வேண்டாம், ஆடிக்காற்று போதும். பத்து மணிக்குமேல் வாடும் பூவோடு வாடிக்கொண்டு நிற்கிற சாதுவான மனிதர்.

"அண்ணாச்சி, விரிச்ச கொடைய எடக்கைக்கு மாத்துகத பாத்தேன். முட்டுக்கு வெளியில வலிக்கோ? எனக்கும் பூக்கெட்டிக் கெட்டி இதே வலி வந்துதான் கெடந்தேன். எரணியல் பக்கம் ஜெபசீலன் ஆசான்னு ஒருத்தரு, அவருதான் சொகமாக்கினாரு."

பகவதியப்பனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஓய், நீரு பிச்சிப்பூ கெட்டுக கையும் நான் கல்லு தூக்குக கையும் ஒண்ணா வேய்? யாரப் பாத்து என்ன சொல்லுகீரு?"

சத்தம் கேட்டு ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். நாராயணபெருமாள் பதறிப்போய்ச் சமாதானப்படுத்துகிற பாவனையில், "கோவிக்காதியும். இன்னா, இந்த எடந்தானே?" என்று ஒரு விரலால் முழங்கையைத் தொட்டு அமுக்கினார். அதே இடம்தான். பலசாலி "அம்மா" என்று அலறிக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள், மார்கழி முதல் தேதி, யாருக்கும் சொல்லாமல் எரணியலுக்குப் போனார். ஜெபசீலன் ஆசான் வர்ம வைத்தியர். அடிபட்டவர்களையே பார்த்துப் பழகியவர்.

"எவன் அடிச்சான்?"

"யாரும் அடிக்கலே."

ஆசான் கையைப் பிடித்து மடக்கி நிமிர்த்தி, முஷ்டி பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். கல்லைப் பற்றிக் கேட்டார். பிடி எவ்வளவு தடிமன் என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இது அடியில்லே. எலும்புல நரம்பு ஒட்டுக எடம் இழுபட்டுப் போச்சு. நாலு வருசமா உலக்கையப் புடிச்சுத் தொங்குனீருன்னா நரம்பு என்ன செய்யும்?"

"மருந்து?"

"நாப்பத்தியோரு நாளு சும்மா இரும்."

"சும்மா இருக்கது ஒரு மருந்தா ஆசானே?"

ஆசான் முழங்கையில் எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அதுதான் மருந்து. எண்ணெய் ஒரு தொணைக்கு. கட்டு எதுக்குன்னா, அவுத்து விட்டா நீரு சும்மா இருக்க மாட்டீரு. நாளுக்கு முன்ன அந்தக் கல்லத் தொட்டீருன்னா, பொறவு சோறு அள்ளித் திங்கவும் இந்தக் கை ஆவாது. பாத்துக்கிடும்."

கட்டோடு பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவருக்கு முன்னால் வதந்தி வந்து இறங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவன் ஆசான் வீட்டிலிருந்து கட்டோடு வந்தால், காய்ச்சலா தலைவலியா என்று யாரும் கேட்கமாட்டார்கள். யார் அடித்தது என்றுதான் கேட்பார்கள். இங்கேயோ அடித்ததை ஐம்பது பேர் கண்ணால் பார்த்திருந்தார்கள். தோவாளைப் பூக்காரர் ஒற்றை விரலால் வர்மத்தில் தொட்டார், பலசாலி விழுந்தார். சாயங்காலத்துக்குள் விரலும் போய்விட்டது. ஒரு மல்லிகை மொட்டை எறிந்தார் என்றார்கள்.

இந்த இடத்தில்தான் மனிதர் சறுக்கினார். மனைவி செல்லத்தாயிடம் மட்டும் உள்ளதைச் சொன்னார். அவள் "சரி" என்றாள். மற்றவர்களிடம் வாயைத் திறக்கவில்லை. தேகப்பயிற்சியால் கை போனது என்று சொன்னால் பலகையைக் கழற்ற வேண்டும். வர்மத்தில் அடிபட்டேன் என்றால் யானைகூட விழும், அதில் ஒரு வெட்கமுமில்லை. ஆகவே கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு போதாதா ஊருக்கு!

பத்து நாளில் பதினெட்டுச் சீடர்களும் குரு மாறிவிட்டார்கள். பின்னே, விழுந்தவரிடம் படிப்பானா, வீழ்த்தியவரிடம் படிப்பானா? மார்கழிக் கடைசியில் நாராயணபெருமாள் கோட்டாற்றுக்கு வந்து அழாத குறையாக நின்றார்.

"அண்ணாச்சி, நீருதான் காப்பாத்தணும். பஸ்ஸுல முன் சீட்ட ஒழிச்சுத் தாரானுவ. பூவுக்கு வெல பேச மாட்டங்கானுவ. எனக்குப் பயமா இருக்கு. ஒம்ம பயலுவ தெனம் தோட்டத்துல வந்து வர்மம் சொல்லித் தாரும்னு நிக்கானுவ. எனக்கு என்ன தெரியும்? சும்மா நிக்காதீங்கலேன்னு பூப்பறிக்கச் சொன்னேன். அதையும் பாடம்னு நெனச்சுப் பறிக்கானுவ."

"இல்லேன்னு சொல்லப்பிடாதா?"

"சொன்னேனே! சொல்லச் சொல்லக் கும்பிடுகானுவ. வாசகசாலை விழாவுக்கு என்னைத் தலைமை வகிக்கச் சொல்லியிருக்கு. எவனாவது நெசமாவே சண்டைக்கு வந்தா நான் செத்தேன் அண்ணாச்சி."

பகவதியப்பனுக்குத் தம்மை நினைத்து உண்மையாகவே அசிங்கமாக இருந்தது. கல்லைத் தூக்கியதில் கை போனது, அது விதி. தம் பெயரைத் தூக்கி நிறுத்த இந்த அப்பாவியை ஏன் முட்டாக வைத்தோம்? விழா மேடையில் உண்மையைச் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

தை மூன்றாம் தேதி. கட்டுப் போட்டு முப்பத்துமூன்றாம் நாள். மேடையில் நாற்காலியில் நாராயணபெருமாள், கழுத்தில் அவரே கட்டிக்கொண்டு வந்த மாலையோடு. எதிரே தாமரைக் கல். பகவதியப்பன் எழுந்தார். "என்னை யாரும் அடிக்கவில்லை. என் கையைக் கெடுத்தது இந்தக் கல்லும் என் புத்தியும்தான்" என்று மேடைத் தமிழில் சொன்னார். வாழ்க்கையில் அவர் தூக்கியதிலேயே அதிகக் கனமான வாக்கியம் அது.

கூட்டத்தில் யாரோ உரக்கச் சொன்னார்: "வர்மம் பட்டா புத்தியும் கொஞ்சம் பேதலிக்கும். பாவம்!"

அதோடு போயிற்று. மெய் சொல்வதற்கும் நேரங்காலம் உண்டு. முப்பத்திரண்டு நாள் பிந்திச் சொன்னால் அது பேதலிப்புதான். வர்மத்தில் அடித்தவனே அதை இளக்கியும் விடவேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம். "இளக்கி விடும் ஆசானே! கல்லத் தூக்கட்டும்!" என்று பழைய சீடர்களே கத்தினார்கள். நாராயணபெருமாள் கைகூப்பி மறுத்தார். "வன்மம் வச்சிருக்காரு ஓய், மனுசனா இவரு?" என்று பின்வரிசையில் பெஞ்சு உருளத் தொடங்கியது. பூக்காரரின் மாலை நடுங்கியது.

பகவதியப்பன் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"தொடும்."

"அண்ணாச்சி?"

"பேசாமத் தொடும் ஓய்."

நாராயணபெருமாள் கண்ணை மூடிக்கொண்டு முழங்கையைத் தொட்டார். பகவதியப்பன் கட்டை அவிழ்த்தார். கல் காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்தால் பழைய பெயர் திரும்ப வரும், கை வராது. அவர் கல்லைப் பார்க்கவில்லை. வெறும் கை இரண்டையும் தலைக்குமேல் தூக்கிப் பூக்காரரைக் கும்பிட்டு, "சொகமாச்சு ஆசானே!" என்றார்.

கூரை அதிரும்படி கைதட்டினார்கள். உண்மையில் வலி போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. சும்மா இருந்ததால் போயிற்று.

வீட்டுக்கு வந்து, நாற்பத்தொரு நாள் முடியவில்லை என்று மறுபடி தாமே கட்டைப் போட்டுக்கொண்டு படுத்தார். பெயர் போனால் போகட்டும், ஒரு மனிதனை மாட்டிவிட்ட பாவம் போயிற்று, உண்மை தெரிந்த ஒரு ஜீவனாவது வீட்டுக்குள் இருக்கிறது என்று ஆறுதலாகத் தூங்கினார்.

காலையில் எழுந்தபோது அடுப்பு மூட்டியிருக்கவில்லை. செல்லத்தாயைக் காணோம். கிணற்றடியில் பக்கத்து வீட்டு நேசம்மாள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா மொத பஸ்ஸுக்கே தோவாளைக்குப் போயாச்சே அண்ணாச்சி. தண்ணி கோரிக் கோரி ரெண்டு வருசமா கை தூக்க முடியாம இருக்கால்லா? பூக்கார ஆசான் ஒரு தடவ தொட்டாப் போரும்னு போயிருக்கா."

அவளுக்குக் கைவலி என்பதே அப்போதுதான் பகவதியப்பனுக்குத் தெரியும்.