காலியாக விட்ட கட்டம்

என் அக்கா லிஃப்ட் மெக்கானிக். அதே கம்பெனியில் அவளுடைய ரிப்போர்ட்டுகளை டைப் அடிப்பவள் நான். படிவத்தில் இரண்டு கட்டங்கள்: மேலே ‘யோசித்தவை’, கீழே ‘முடிவு’. மேல் கட்டம் நிரம்பி வழியும். கீழ்க் கட்டத்தைப் பாதி நாள் காலியாக விட்டுவிட்டு வருவாள். ஆபீசில் அவளுக்கு ‘இழுவை’ என்றே பெயர்.

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா? யோசிச்சா முடிவு தானா வந்துடாதா?” என்பார் மேனேஜர்.

“யோசிச்சது தப்பா இருந்தா அழிச்சுட்டுத் திரும்ப யோசிக்கலாம் சார். முடிவுன்னு எழுதிட்டா அது யார் தலையிலயாவது விடியும்ல?” என்பாள்.

கடைசியில் அவள் தலையிலேயே விடிந்தது. எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் கதவு மூன்றாம் மாடியில் மட்டும் மூடாமல் அடம்பிடித்தது. ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் போய்ச் சேரும் பத்து மணிக்கு அது சமர்த்தாக மூடிக்கொள்ளும். ஆறு முறை இதே கூத்து. ‘கவனக்குறைவு, வேலைநீக்கம்’ என்று மேனேஜர் கடிதம் எழுதி, டைப் அடிக்க என்னிடமே நீட்டினார். வேறு வழியில்லாமல் அடித்துக் கொடுத்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவர் மேல் அல்ல, இவள் மேல்.

“ஏதாவது ஒண்ணை எழுதித் தொலையேன்க்கா! சென்சார் போச்சுன்னு எழுது, யாரு கேக்கப் போறா?” என்று வீட்டில் கத்தினேன்.

“நல்லா இருக்கிற சென்சாரைப் போச்சுன்னு எப்படி எழுதுறது?” என்றபடி நோட்டைப் புரட்டினாள். புகார் எல்லாமே காலை எட்டு, எட்டேகாலுக்கு வந்தவை. மழை பெய்த இரண்டு நாளும் புகாரே இல்லை. உடனே மேனேஜருக்குப் போன் போட்டாள். “நாளைக்குக் காலைல வந்து பாருங்க சார். அப்புறமா அந்த லெட்டர்ல கையெழுத்துப் போடுங்க.”

மறுநாள் மூவரும் ஏழரைக்கே மூன்றாம் மாடியில் நின்றோம். எட்டு மணிக்கு எதிர் ஜன்னல் வழியாக வெயில் நேரே லிஃப்ட் வாசலில் இருந்த சென்சார் மேல் விழுந்தது. மூட வந்த கதவு, யாரோ குறுக்கே நிற்பதாக நினைத்துத் திரும்பத் திறந்துகொண்டது. அக்கா நோட்டை விரித்து வெயிலை மறைத்தாள். மூடியது. நோட்டை எடுத்தாள், திறந்தது. அடி சக்கை! நான் கைதட்டிய சத்தத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“போதும்மா, புரிஞ்சுடுச்சு” என்றார் மேனேஜர்.

“இருங்க சார்” என்று இன்னும் பத்து தடவை செய்து பார்த்தாள்.

பிறகுதான் கீழ்க் கட்டத்தில் எழுதினாள்: ‘ஜன்னலுக்குத் திரை போடவும்.’ கடிதத்துக்காகக் கொண்டுவந்த பேனாவால் மேனேஜர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். கடிதத்தை நான் கேட்டு வாங்கினேன். டைப் அடித்தவள் நான்தானே, எட்டாகக் கிழித்தவளும் நானே.