பன்றி திருடியவனும் சந்தனம் வெட்டியவரும்

இந்த அமெரிக்காவில் ஓட்டுப் போட்டவர் விரலில் மை வைப்பதில்லை. ஒருவர் ஒரு தடவைதான் போடுவார் என்று அவ்வளவு நம்பிக்கை! ஆனால் மீசை முளைக்கும் வயதில் பன்றி திருடியவன் திருந்தியிருப்பான் என்பதை மட்டும் சாகும்வரை நம்பமாட்டார்கள்.

அந்தப் பன்றித் திருடன் ராய். வாணியம்பாடியில் தோல் வேலை பழகி இங்கே வந்த எனக்கு, சாயத் தொட்டியில் கூட்டாளி. ஜெயிலிலிருந்து வந்து பேரன் பேத்தி எடுத்துவிட்டான். ஜெயிலுக்குப் போனபோது பறித்த ஓட்டுரிமை மட்டும் திரும்பவில்லை. இந்த மாகாணத்தில் அதற்குக் கவர்னர் மனமிரங்க வேண்டுமாம். நல்லவன் என்று நாலு பேர் சொல்லவும் வேண்டுமாம்.

"உங்கள் நாட்டில் ஜெயிலுக்குப் போய் வந்தவனை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டான்.

"மந்திரி ஆக்குவோம்" என்றேன். சுதந்திரம் வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொன்னேன் என்பது என் நினைப்பு. கேலி செய்கிறேன் என்று அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனைச் சமாதானப்படுத்தத்தான் சித்தப்பா கதையைச் சொன்னேன்.

சித்தப்பாவுக்கு ஜவ்வாது மலையில் கொஞ்சம் சாமை நிலம். அதன் ஓரத்தில் தானாக முளைத்த சந்தன மரம் சர்க்காருக்குச் சொந்தம் என்பது மரத்துக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வெட்டினார், வேலூர் ஜெயிலில் களி தின்றார். ஐம்பத்தேழு தேர்தலுக்குச் சற்று முன்னால் வெளியே வந்தார். சர்க்கார் அவரை மன்னித்துவிட்டது, ஊர் மன்னிக்கவில்லை. ஜெயில் சோறு தின்றவன் ஊருக்கு விருந்து போட்டுத் தலைமுழுகும்வரை யாரும் அவனோடு பேசக்கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. அப்போதெல்லாம் வேட்பாளருக்கு ஒரு பெட்டி; எந்தப் பெட்டியில் சீட்டுப் போடுவது என்று ஊர்க்கவுண்டர் முந்தின நாளே கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார். சித்தப்பாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. பேசக்கூடாதே!

மறுநாள் ஊரே வரிசையாக ஜமுனாமரத்தூருக்கு நடந்தது. சித்தப்பா தனியாகப் பின்னால் வந்தார். அவர் பெயரையும் கூப்பிட்டார்கள், மை வைத்தார்கள். வெளியே வந்ததும் கவுண்டரே கட்டுப்பாட்டை மறந்துவிட்டார்.

"இன்னாடா, எதுல போட்ட?"

"அத்த வெளிய சொல்லக்கூடாதாமேங்க. எங்கிட்டதான் யாரும் ஒண்ணும் சொல்லலயே, நானா யோசிச்சிப் போட்டேன்."

எங்கள் ஊரில் தானாக யோசித்து ஓட்டுப் போட்டவர் அவர் ஒருவர்தான்.

ராய் வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு, "எனக்காக நீ வந்து சொல்வாயா?" என்றான். போனேன். இந்த நாட்டில் ஓட்டில்லாதவன் வாக்கு செல்லாது என்று ஆபீசில் மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அவனுக்குப் பழகியிருந்தது.

கவர்னர் மனமிரங்கும் முன்பே தேர்தல் வந்துவிட்டது. தோல் ஆலையில் எல்லோரும் முறை வைத்து ஓட்டுப் போடப் போய் வந்தார்கள். நாங்கள் இருவரும் தொட்டியைவிட்டு நகரவில்லை. மலையிலும் அந்த வருஷம் தேர்தல் நடந்திருந்தது. என் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பார்கள்.

வேலை முடிந்தபோது, ஓட்டுப் போட்டு வந்தவர்கள் விரல்கள் பளிச்சென்று இருந்தன. எங்கள் விரல்களில்தான் நகக்கண்வரை கறுப்புச் சாயம்.

"உன் சித்தப்பா விரல் இப்படித்தான் இருந்ததா?" என்றான் ராய்.

"இப்படியேதான்" என்றேன்.

அன்று அவன் கை கழுவாமலே வீட்டுக்குப் போனான். நானும்தான்.