மூச்சு வாங்கும் இடங்கள்

எனக்கு முதலில் வந்த நோய்க்குறி இருமல் அல்ல. என் பேச்சு பாதியில் நின்றது.

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தை ஒட்டி நானும் என் கணவர் சவரிமுத்துவும் ஒரு மெஸ் நடத்துகிறோம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். சாப்பிட வருகிறவர்கள் பேசக் கேட்டுப் படித்தது அதிகம். கன்னிவாடி பஸ் ஓட்டும் பாண்டி சொல்வார்: "அக்கா கடையில சோறு அளவு, வெஞ்சனம் அளவு, பேச்சு மட்டும் அன்லிமிட்டு." அப்படிப்பட்ட நான் ஒரு நாள் அவருக்குக் கூட்டு வைத்தபடி ஏதோ கதை சொல்லும்போது நடுவில் நின்றுவிட்டேன். மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தேன். மறுபடி நின்றேன்.

அதைக் கவனித்தது என் மகள் ரெஜினா. மருத்துவர். மதுரையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை உறுதியாகி, விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியதுதான் பாக்கி என்று வீட்டில் இருந்தாள். பரீட்சை, நேர்காணல் என்று அவள் ஆண்டுக்கணக்கில் பட்ட பாடு அது.

"ஒரு வரி பேசுறதுக்குள்ள ரெண்டு தடவ மூச்சு வாங்குற. எம்புட்டு நாளாம்மா இப்படி?"

"வயசாயிருச்சுல்ல புள்ள."

"நேத்தா வயசாச்சு?"

திண்டுக்கல்லில் ஒரு நெஞ்சக மருத்துவரிடம் கூட்டிப்போனாள். எக்ஸ்ரேயில் இடது பக்கம் அடிப்பகுதி முழுக்க வெள்ளையாக இருந்தது. புளூரல் எஃப்யூஷன் (நுரையீரலைச் சுற்றியுள்ள இரண்டு உறைகளுக்கு நடுவே நீர் கோத்துக்கொள்வது) என்றார். என்னை மேசைமேல் குனிந்து உட்காரவைத்து, முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் நீரை உறிஞ்சினார்கள். திரும்பிப் பார்த்தேன். தெளிந்த ரசம் போல மஞ்சளாக இருந்தது. அன்று ராத்திரி வெகுநாள் கழித்து இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிந்தது.

பயாப்ஸியும் (உறையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவு வந்த அன்று மருத்துவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை, என் மகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "காசநோய்ம்மா. நுரையீரலோட உறையில வந்திருக்கு. சளியில கிருமி இல்ல. மாத்திரைய விடாமச் சாப்பிட்டா முழுசா குணமாயிரும்."

அந்த ஒரு பார்வைதான் என்னைக் கெடுத்தது. இதைப் படிக்கிற உங்களுக்கும் அப்படி ஒரு பார்வை நேர்ந்திருக்கலாம். எங்கள் பக்கம் கேன்சர் என்றால் நோயாளியிடம் யாரும் அந்தப் பேரைச் சொல்லமாட்டோம். என் நாத்தனாருக்கு வயிற்றுப்புண் என்றுதான் கடைசிவரை எல்லாரும் சொன்னோம். அவரும் அதை நம்புவதுபோலவே கஞ்சி குடித்தார். இப்போது எனக்குச் சொல்வது காசநோய். எனக்கு இதுதான் அந்த வயிற்றுப்புண்ணோ என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே சாட்சியாகத் தெரிந்தது. நான் உள்ளே வந்தால் அப்பாவும் மகளும் பேச்சை மாற்றினார்கள். ரெஜினா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் இங்கிலீஷில் பேசினாள். சவரிமுத்து கேட்காமலே ஆட்டுக்கால் சூப் வைத்தார். முப்பது வருஷத்தில் அவர் எனக்காக அடுப்புப் பற்றவைத்தது அதுதான் முதல் தடவை. பயப்படாமல் என்ன செய்ய?

எல்லாவற்றுக்கும் மேலே, அவள் கிளம்பவில்லை.

"வெறும் டிபிதான்னா நீ ஏன் இன்னும் இங்க இருக்க?"

"விசா லேட்டாகுதும்மா."

"நேத்து அங்க சேர்ற தேதியத் தள்ளிக் கேட்டிருக்கேன்னே."

"ரெண்டுந்தான். மாத்திரையப் போடு."

அவள் தங்கினால் எனக்கு நாள் எண்ணுகிறார்கள் என்று அர்த்தம். அவள் பெட்டி கட்டினால்தான் நான் பிழைப்பேன் என்று நம்பலாம். அவள் போவதை என் உயிருக்கான அத்தாட்சியாக வைத்துக்கொண்டேன்.

ஊர் மருந்துக்கடைக்காரர்கள் எல்லாரும் மகளுக்குப் பழக்கம். அதனால் ஒரு மாத்திரை அட்டையைப் பாண்டியிடம் கொடுத்து, கன்னிவாடியில் ஒரு கடையில் காட்டிக் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் சாப்பிட உட்கார்ந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"டிபி மாத்திரைன்னுதான் சொல்றான் அக்கா. யாருக்கு?"

"தெரிஞ்ச ஒரு ஆளுக்கு."

"ஆளு சாம்பார் ஊத்துற அளவுக்குத் தெம்பா இருக்காங்களா?"

நான் கரண்டியைச் சாம்பார் வாளிக்குள் விட்டேன். அப்போதும் நம்பவில்லை. கன்னிவாடிக் கடைக்காரருக்கும் யாராவது போன் போட்டிருக்கலாம் என்று தோன்றியது. மாத்திரையால் சிறுநீர் கேசரிப் பவுடர் கலந்த தண்ணீர்போல ஆகும், பயப்பட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், அப்படியே ஆனது. அதையும் நம்பவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் உடம்பு சொல்கிற சாட்சிகூடப் பொய்ச்சாட்சிதான்.

ஒரு நாள் காலையில் அப்பாவும் மகளும் பெட்டி வாங்கத் திண்டுக்கல் போவதாகச் சொன்னார்கள். பெட்டி வாங்கப் போகிறவர் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு செபமாலையைப் பைக்குள் போடுவாரா? மெஸ்ஸை வேலைக்கு இருக்கும் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த பஸ் ஏறினேன். மருத்துவரிடம்தான் போகிறார்கள், என் பின்னால் என்னைப் பற்றிப் பேசப் போகிறார்கள். நேரில் போய்ப் பிடித்துவிடுவது என்று முடிவு.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த நடையில் சவரிமுத்து தனியாக நின்றார். கையை மூடி வைத்திருந்தார். விரல் இடுக்கில் சங்கிலி தொங்கியது. சிலுவை வைத்த சங்கிலி, ரெஜினாவுடையது.

படம் எடுக்கும் முன் கழுத்தில் இருப்பதைக் கழற்றிக் கூட வந்தவர் கையில் கொடுக்கச் சொல்வார்கள். என் சங்கிலியை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் அந்த அறைக்குள் போனேன்.

"ஏங்க, யாருக்குப் படம்?"

அவர் வாய் திறக்கும் முன் கதவு திறந்தது. பின்னால் நாடா கட்டும் பச்சை அங்கியில் ரெஜினா வெளியே வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள்.

"இப்பவாச்சும் சொல்லுங்க," என்றேன். "எனக்குக் கேன்சர்தானே?"

"உனக்குக் கேன்சரா இருந்தா நான் எதுக்கும்மா நெஞ்சக் காட்டிட்டு நிக்கிறேன்? அது ஒட்டுமா?"

நான் அத்தனை நாள் தேடிய அத்தாட்சி அதுதான். அந்த நொடியில் எனக்கு உயிர் திரும்பியது. அதே நொடியில் போனது. எனக்குக் கேன்சர் இல்லை. அப்படியானால் என் நோய் அவளுக்கு வந்திருக்கலாம்.

பிறகு சவரிமுத்து சொன்னார். எனக்குப் பரவும் வகை இல்லை என்றாலும், ஒரு வீட்டில் காசநோய் வந்தால் கூட இருக்கும் எல்லாரும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அவருக்கு முன்பே எடுத்தாயிற்று. இங்கிலாந்து விசாவுக்கும் நெஞ்சுப் படம் வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா என்றும் கேட்பார்களாம். மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் படத்துக்காகச் சென்னைக்குப் போகும் முன் இங்கே பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒன்னால அவ பயணம் நிக்குதுன்னு தெரிஞ்சா நீ மாத்திரைய நிறுத்திட்டு மூலையில உக்காந்துருவ. பேசக்கூட மாட்ட. அதான்."

படம் வந்தது. ரெஜினா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சுத்தமா இருக்கும்மா."

"டாக்டர் மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லாத."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் என் கையைப் பிடித்து மருத்துவர் அறைக்குள் கூட்டிப்போய், படத்தை மேசைமேல் வைத்தாள். "சார், இது என் படம். அம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க. நான் வெளிய இருக்கேன்." கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

இந்த முறை மருத்துவர் நேராக என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா. நிழல்கூட இல்ல."

வெளியே பெஞ்சில் அவள் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நோயாளி அவள், செய்தி என் கையில். சொல்வதற்கு முன் நான் ஒரு மூச்சு நின்றதில், தானே பார்த்த படம் என்றாலும் அவள் முகம் வெளுத்தது. இத்தனை நாள் அவள் என்ன சுமந்தாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஒண்ணுமில்லையாம் புள்ள. சங்கிலியப் போடு."

பெட்டியையும் அன்றே வாங்கினோம்.

அவள் போய்விட்டாள். என் மாத்திரைக் காலம் முடிந்தது. கடைசி எக்ஸ்ரேயில் இடது பக்கம் ஓரத்தில் சின்னத் தழும்பு மட்டும் இருந்தது. மழைக்கு முன் அந்த இடம் இழுத்துப் பிடிக்கும். முன்பு எனக்கு நுரையீரல் இருப்பதே தெரியாது. இப்போது தெரிந்தபடியே இருக்கிறது. இங்கத்து நேரம், அங்கத்து நேரம் என்று நேரமும் இரண்டாகிவிட்டது. இங்கே மதியப் பந்தி ஏறும்போது அங்கே அவள் வார்டுக்குள் நுழைந்துகொண்டிருப்பாள்.

உங்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். நோயின் பேரை நேரடியாகக் கேளுங்கள். வீட்டில் யார் யார் படம் எடுக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். நம்பிக்கை வருவதற்குக் காத்திராமல் மாத்திரையைச் சாப்பிடுங்கள். நான் நம்பாமலேதான் சாப்பிட்டேன், அது வேலை செய்தது.

தினமும் போன் செய்கிறாள். மெஸ் கதையெல்லாம் கேட்கிறாள், சிரிக்கிறாள். ஆனால் அவள் கதை கேட்கவில்லை, நான் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறேன் என்று கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அதனால் வேண்டுமென்றே கமா வைக்காமல் நீளமாகப் பேசுகிறேன்.

நேற்று நடுவில் அவள் லேசாகத் தொண்டையைச் செருமினாள். நான் நிறுத்தினேன்.

"என்னம்மா, மூச்சு வாங்குதா?" என்றாள்.

"இல்ல. நீ இன்னொரு தடவ இருமு, கேப்போம்."